நாலு கம்பிதானே, பேஸ் கிட்டார் லேசு என்கிறார்கள். நிஜமா?

திருநகர் கிட்டார்:

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்துப் பிடித்து வாசிப்பது என் வேலை. கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியின் சுரத்தையும் ஏற்றுகிற கிளிப்) போட்டுக்கொண்டு ஜி, சி, டி, ஈ மைனர் என்று தெரிந்த வடிவங்களிலேயே எல்லாப் பாட்டையும் ஓட்டிவிடுவேன், இதுவரை அதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

போன மாதம் எங்கள் குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு வாரம்தான், புது ஆள் தேடவும் நேரமில்லை. ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து சபையில் இருந்த அந்த பேஸை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். "உன் கிட்டார்ல ஆறு கம்பி, இதுல நாலுதான். கார்டு பிடிக்கவே வேண்டாம், ஒரு நேரத்துல ஒரு சுரம் போதும். உனக்கு லேசா வந்துரும்" என்றார்கள். நானும் நம்பித்தான் வாங்கினேன்.

பத்து நாள் ஆகிவிட்டது. முதல் நாளே பாட்டோடு சேர்ந்து வாசிக்க முடிந்தது, அது உண்மை. கிட்டார் எடுத்த புதிதில் எஃப் கார்டுக்கு நான் பட்ட பாட்டோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த முதல் நாளுக்குப் பிறகு ஓர் அடி கூட நகரவில்லை. செல்போனில் பதிவு செய்து கேட்டால் நான் வாசித்ததே காதில் விழவில்லை. ஹாலில் ஸ்பீக்கரில் கேட்டாலோ எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து ஒரே "ம்ம்ம்" என்று ஓடுகிறது. வலது ஆள்காட்டி விரல் நுனி கொப்பளித்துவிட்டது, இடது மணிக்கட்டு ராத்திரி படுக்கும்போது வலிக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு பாட்டில் மட்டும் என் சுரம் பாட்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தாளில் ஜி என்று இருக்கிறது, நான் ஜி தான் அழுத்துகிறேன், ட்யூனரிலும் சரியாகத்தான் காட்டுகிறது.

பேஸ் லேசான வாத்தியமா, இல்லையா? ஏழு வாரத்தில் எதுவரைக்கும் போக முடியும்? ஒப்புக்குச் சொல்ல வேண்டாம், கஷ்டம் என்றால் கஷ்டம் என்றே சொல்லுங்கள்.

மேலமாசி வீதி:

லேசுதான் தம்பி, பயப்படாதே.

முதலில் அந்த இரண்டு பாட்டு. நீ கிட்டார் வாசித்தபோது அவற்றுக்குக் கேப்போ எங்கே போட்டாய் என்று யோசித்துப் பார். தாளில் எழுதியிருப்பது கை பிடிக்கிற வடிவம், காதில் கேட்கிற சுரம் வேறு. முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ போட்டு ஜி பிடித்தால் கேட்பது ஏ ஃப்ளாட். மூன்றாவதில் போட்டு சி பிடித்தால் கேட்பது ஈ ஃப்ளாட். பேஸில் நாம் கேப்போ போடுவதில்லை, கேட்கிற சுரத்தைத் தேடித்தான் வாசிக்க வேண்டும். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி வைத்திருந்தாலும் இதே கதைதான், அவர் கை ஜி-யில் இருக்கும், சத்தம் வேறு எங்கோ இருக்கும். அவரிடம் "எந்த ஸ்கேல்" என்று மட்டும் கேட்காதே, "டிரான்ஸ்போஸ் எத்தனை" என்றும் சேர்த்துக் கேள். கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிற எல்லாரும் ஒரு தடவையாவது தடுக்குகிற இடம் இது.

அடுத்து, ஏன் லேசு என்று சொல்கிறேன் என்றால், பேஸின் நாலு கம்பி ஈ, ஏ, டி, ஜி. உன் கிட்டாரின் தடித்த நாலு கம்பியும் அதுவேதான், இது ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரில் ஜி-க்கும் பி-க்கும் நடுவில் மட்டும் இடைவெளி மாறும், அதனால் ஒரு வடிவத்தை அந்தப் பக்கம் நகர்த்தினால் உருமாறிப் போகும். பேஸில் அந்தத் தொல்லையே கிடையாது. எல்லாக் கம்பிக்கும் நடுவில் ஒரே இடைவெளி, ச-விலிருந்து ம வரைக்கும். ஏ கம்பியில் எங்கே விரல் வைத்தாலும் அதை ச என்று வைத்துக்கொள். அதே ஃப்ரெட்டில் அடுத்த மெல்லிய கம்பி ம. அதே ஃப்ரெட்டில் தடித்த கம்பி கீழ் ஸ்தாயி ப. சபையில் பாடுகிற எத்தனையோ பாட்டு இந்த மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடும். ஸ்கேல் மாறினால் கை அப்படியே மேலே கீழே நகர்ந்தால் போதும், வடிவம் மாறாது.

லேசாக இருக்க வேண்டும் என்றே செய்த வாத்தியம்தான் இது. அதற்கு முன்னால் இருந்தது ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸ். ஃப்ரெட் கிடையாது, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாடு, மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அடங்கியும் போகும். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் தோளில் மாட்டுகிற மாதிரி, ஃப்ரெட் வைத்த பேஸைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அதற்கு பிரிசிஷன் பேஸ் என்று பெயர். கிட்டார் தெரிந்தவன் எடுத்தவுடன் வாசிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி.

உன்னை மாதிரி ஆள் இல்லாத இடத்தில் போய் நின்றவர்கள் பெரிய பெரிய ஆட்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கிட்டார்காரர். 1961-ல் அவர்களுடைய பேஸ்காரர் விலகியதால்தான் அது இவர் கைக்கு வந்தது. கேரல் கே என்ற அம்மாவும் கிட்டார்காரர்தான். 1963-ல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போனதால் எடுத்து வாசித்தார், அப்புறம் அதுவே அவர் வாழ்க்கையாகிவிட்டது. அவர் பிக் (கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு) வைத்துத்தான் வாசிப்பார். அதனால் விரல் கொப்பளம் ஆறுகிற வரைக்கும் நீயும் பிக் வைத்து வாசி, அதில் ஒரு குறையும் இல்லை. ஏழு வாரம் தாராளம்.

உசிலை மேடை:

மேலே எழுதியவர் கேப்போவைப் பற்றிச் சொன்னது அப்படியே சரி. "லேசு" என்பதோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

நான் உசிலம்பட்டிப் பக்கம். 1998-லிருந்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி வந்தால் ராத்திரித் தூக்கம் வேனில்தான். திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி, மேலூர் என்று திடல் திடலாகப் போய் வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தம்பி கேட்ட அந்த "ம்ம்ம்" இருக்கிறதே, இந்த வாத்தியத்தின் கஷ்டம் மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது.

அகூஸ்டிக் கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும், அடுத்த கார்டு வந்து அதை மூடிவிடும், நீ கவலைப்பட வேண்டியதில்லை. பேஸ் கம்பி தடிமனானது, நீளமானது, ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) வேறு இருக்கிறது, நீ நிறுத்துகிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும். நீ தொடாத கம்பிகூடப் பக்கத்துக் கம்பியின் அதிர்வில் தானே முனக ஆரம்பிக்கும். டி வாசித்து ஜி-க்குப் போனால் டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு அடியில் ஏ முனகும். மேல் ஸ்தாயியில் இரண்டு சுரம் கலந்தால் அழகாகக்கூட இருக்கலாம், அவ்வளவு கீழே கலந்தால் சேறுதான். அதனால் பேஸில் சுரத்தைத் தொடங்குவதைவிட முடிப்பதற்குத்தான் அதிகம் பழக வேண்டும். எங்கே முடிக்கிறோம், எப்படி முடிக்கிறோம் என்று எனக்கு முதல் இரண்டு வருடம் யாரும் சொல்லித்தரவில்லை.

இதை நான் தெரிந்துகொண்டது பேரையூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் பொங்கலில். நல்ல கூட்டம், நல்ல சவுண்டு. ஒரு தப்புச் சுரம்கூட இல்லாமல் வாசித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். இடைவேளையில் டிரம்ஸ் வாசித்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் மிதிக்கிறேன், மிதிச்ச சத்தம் எனக்கே கேக்கல. உன் கம்பி அது மேல படுத்துக் கெடக்குடா" என்றார். அன்றைக்கு மிச்சக் கச்சேரி முழுக்க பெரிய டிரம்மை மிதிக்கிற அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அவர் மிதித்தால் என் சுரம் தொடங்க வேண்டும், அவர் ஸ்நேரில் (குச்சியால் அடிக்கிற டிரம்மில்) அடித்தால் என் சுரம் முடிந்திருக்க வேண்டும், இந்த ஒரே ஒரு கணக்கு. அதே பாட்டுகள்தான், அதே சுரங்கள்தான். ரெண்டாவது பாட்டிலேயே முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

பயிற்சி இதுதான். ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட், அதாவது டி. மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டுகிற கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வை. ஒரு தட்டுக்குச் சுரம், அடுத்த தட்டுக்கு முழு மௌனம். மௌனம் என்றால் ஆம்பில் ஒரு பொட்டுச் சத்தம் வரக்கூடாது. இடது விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் சுரம் நின்றுவிடும். வலது கட்டை விரலை ஈ கம்பியின் மேலேயே சாய்த்து வைத்துக்கொண்டால் அது முனகாது. டி கம்பிக்கும் ஜி கம்பிக்கும் போகும்போது கட்டை விரலும் கூடவே ஒரு கம்பி இறங்கிவர வேண்டும். அப்புறம் அரைத் தட்டுச் சுரம், அரைத் தட்டு மௌனம். ஒரு வாரம் வேறு எதுவும் வாசிக்காதே. சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

செல்போன் விஷயத்துக்குப் பதில்: திறந்த ஈ கம்பியின் சுரம் 41 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தள்ளவே முடியாது. ஹெட்போன் போட்டுக் கேள். விரல் கொப்பளிப்பது ஏன் என்றால் சத்தம் பத்தவில்லை என்று நீ கையால் இழுக்கிறாய். ஆம்பில் கூட்டு, கையில் குறை.

இன்னொரு பயம் இருக்கிறது, அது நல்ல பயம். கிட்டாரில் நீ ஒரு சுரம் தப்பவிட்டால் யாருக்கும் தெரியாது. கீபோர்டு சி மேஜர் பிடித்திருக்கும்போது பேஸில் நீ ஏ வாசித்தால், அது சி மேஜராகவே கேட்காது, ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். மேலே ஒருத்தரும் விரலை அசைக்கவில்லை, கார்டு மாறிவிட்டது. பாடுகிறவர்கள் ஒரு கணம் தடுமாறுவார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரே ஒரு சுரம்தானே என்பவர்களுக்கு அந்த ஒரு சுரத்தின் பலம் தெரிவதில்லை.

இளையராஜா பாட்டு மேடையில் வாசிக்கும்போது இதை நான் ஒவ்வொரு ராத்திரியும் உணர்கிறேன். பண்ணைப்புரம் நம் பக்கத்து ஊர்தான், தேனி மாவட்டம் பிரிவதற்கு முன்னால் மதுரை மாவட்டம். அவர் கிட்டார் முறையாகப் படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். அவர் பாட்டில் பேஸ் என்பது வாசிப்பவர் தோன்றியபடி போடுவது கிடையாது, அவரே நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பது. பாடுகிற மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்துபோகும். திடலில் இருக்கிற சனங்களுக்கு பேஸ் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம், அந்த அடி மெட்டு நெஞ்சில் பதிந்துதான் இருக்கிறது. நாலு சுரத்தை விட்டுவிட்டு வாசித்தால் பாட்டு எடுபடாது, எடுபடவில்லை என்பது மேடையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

இடக்கை கீபோர்டு:

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் நடைமுறையைச் சொல்கிறேனே. நான் மதுரையில் பன்னிரண்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். நான் போகிற குழுக்களில் பேஸ் கிட்டார் ஆளே கிடையாது. கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் பேஸ் டோன் வைத்துக்கொண்டு நானே வாசித்துவிடுவேன். வேனில் ஓர் இடம் மிச்சம், ஒரு சம்பளம் மிச்சம். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் பேஸ் எங்கே என்று கேட்டதில்லை. சத்தம் நன்றாகக் கேட்கும், சுரம் சரியாக விழும், முனகல் என்ற பிரச்சினையே கிடையாது, விசையை விட்டால் சத்தம் நின்றுவிடும்.

தம்பிக்கு ஏழு வாரம்தான். கிறிஸ்துமஸ் ஆராதனை என்பது சோதனை செய்து பார்க்கிற இடம் இல்லை. இந்த வருடம் கீபோர்டின் இடது கை பேஸைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ உனக்குத் தெரிந்த கிட்டாரை நன்றாக வாசி. பேஸை அடுத்த ஈஸ்டருக்கு நிதானமாகக் கற்றுக்கொண்டு வா. நான் இதை அக்கறையோடுதான் சொல்கிறேன்.

உசிலை மேடை:

தம்பி இடக்கை, நீங்கள் சொல்கிற சிக்கனம் எனக்குத் தெரியும். எத்தனையோ குழுவில் எனக்கு வேலை போனது அதனால்தான், அதற்காக உங்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் ஒன்று. இரண்டு கையும் ஒரே ஆளுடையது, வலது கை ஓர் அலங்காரம் போடப் போகும்போது இடது கை தானாக அடக்கி வாசிக்கும். தனி ஆள் இருந்தால் அந்த நேரத்தில்தான் அவன் ஊன்றி நிற்பான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியிலேயே வழுக்கிப் போகிற சத்தமும் விசையில் வராது. தம்பி வாசிக்கட்டும். ஆறு பாட்டு இருந்தால் நாலு பாட்டு இவன், தயாராகாத இரண்டு பாட்டு கீபோர்டு என்று பிரித்துக்கொள்ளலாமே.

வைகை வடகரை:

மணிக்கட்டு வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அதை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்றுதான் எழுதுகிறேன். செல்லூரில் இருக்கிறேன். முப்பத்தோரு வயதில் பேஸ் எடுத்தவள், கையும் சின்னது. நான்கு மாதம் தப்பாக வாசித்து, அப்புறம் இரண்டு மாதம் வாத்தியத்தையே தொட முடியாமல் இருந்தேன்.

கிட்டாரில் கம்பியின் நீளம் வழக்கமாக 25.5 அங்குலம், பேஸில் 34. எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. முதல் ஃப்ரெட்டின் அகலம் கிட்டாரில் 36 மில்லிமீட்டர், பேஸில் 48 மில்லிமீட்டருக்கும் மேல். கிட்டார் பழக்கத்தில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று முதல் நாலு ஃப்ரெட்டில் விரித்து வைத்தால் கை கிழிகிற மாதிரிதான் இருக்கும். கம்பியும் அப்படித்தான், எலக்ட்ரிக் கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமாக 0.046 அங்குலம், பேஸில் 0.105.

டபுள் பேஸ் வாசிப்பவர்கள் காலங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கீழ் ஃப்ரெட்டுகளில் ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்றாக. நாலு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்று ஃப்ரெட்டுக்குத்தான் கை விரியும், அதற்கு மேல் வேண்டுமென்றால் கையையே நகர்த்திக்கொள்ள வேண்டும். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் இடைவெளி சுருங்கிவிடும், அங்கே பழையபடி விரலுக்கு ஒரு ஃப்ரெட் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வலி போனது இதனால்தான்.

இடது கட்டை விரல் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். அகூஸ்டிக் வாசிப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும், பேஸில் அது மணிக்கட்டை வளைத்துவிடும். கட்டை விரல் கழுத்தின் பின்பக்கம் நடுவில் இருக்கட்டும், கழுத்து கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். உட்கார்ந்து பழகும்போது எந்த உயரத்தில் இருக்கிறதோ நின்று வாசிக்கும்போதும் அதே உயரத்தில் இருக்கிற மாதிரி வாரைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வாத்தியம் நாலு கிலோ அளவுக்கு எடை வரும், ஒல்லி வார் தோளை அறுக்கும், அகலமான வாராக வாங்குங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் வாசித்து எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். ஏழு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விரல் மரத்துப்போனாலோ, வலி காலையிலும் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பிறகு எப்போதாவது சொந்தமாக வாங்கினால் 30 அங்குலத்தில் ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைக்கிறது, ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். அது சின்னப் பிள்ளைகளுக்கான வாத்தியம் என்று கடையில் சொல்வார்கள். மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸும் குட்டை அளவுதான்.

சோழவந்தான் தவில்:

நண்பா, நான் பேஸ்காரன் கிடையாது, கல்லூரியில் இரண்டு வருடம் வாசித்ததோடு சரி. அப்பா தவில். அதனால் என் காது வேறு பக்கமிருந்து வருகிறது, பிரயோஜனப்பட்டால் எடுத்துக்கொள்.

தவிலில் வலந்தலை என்கிற பக்கத்தில் விரலில் கூடு மாட்டிக்கொண்டு பொரிந்து தள்ளுவதைத்தான் எல்லாரும் வாய் பிளந்து பார்ப்பார்கள். தொப்பி என்கிற மறுபக்கம் ஒரு குச்சி, அவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு அது சும்மா தட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் சாமி புறப்பாட்டில் நாலு தெரு தள்ளி நிற்கிறவன் காலில் போய் விழுவது அந்தத் தொப்பி அடிதான். ஒத்து (நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற குழல்) ஊதுகிறவரும் அப்படித்தான். ஒரே சுரம், மணிக்கணக்கில். இப்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்துகிற நேரத்திலும் ஒத்து நிற்கக்கூடாது, கன்னத்தில் காற்றை அடக்கி வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். எங்கள் தாத்தா முதலில் ஒத்துதான் ஊதினார், அதை லேசு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் முதல்முதலாக வீட்டில் பேஸ் வாசித்தபோது அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏன்டா எல்லா அடியும் ஒரே நீளமா இருக்கு?" என்றார். உசிலை அண்ணன் சொன்னதும் அதேதான். அதற்கு அவர் சொல்லித்தந்த வழி, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்வது. பாட்டைப் போட்டுவிட்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பேஸ் வாசிக்க வேண்டியதைச் சொல்லாகச் சொல்ல வேண்டும். நீளச் சுரத்துக்கு "தாம்", நறுக்கென்று முடிவதற்கு "தக்". எந்த இடத்தில் தாம், எந்த இடத்தில் தக் என்று வாய்க்கு வந்துவிட்டால் கை தானே போகும். கிறிஸ்துமஸ் பாட்டில் மூன்று மூன்றாகப் போகிற திஸ்ர நடை வரும், அதை "தகிட தகிட" என்று சொல்லிப் பழகாமல் வாசிக்கப் போனால் மூன்றாவது எழுத்தைக் கை விழுங்கிவிடும். பஸ்ஸில் போகும்போதுகூட இதைப் பழகலாம், மணிக்கட்டும் வலிக்காது.

திருநகர் கிட்டார்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

மேலமாசி அண்ணே, நீங்கள் சொன்னதுதான். இரண்டு பாட்டுக்கும் கேப்போ முதல் ஃப்ரெட்டில் போட்டு வாசித்திருக்கிறேன், தாளில் ஜி என்று எழுதியதும் நான்தான். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பதில் நாலாவது வைத்தேன், அப்படியே போய்ப் பூட்டிக்கொண்டது. இப்போது எல்லாத் தாளிலும் கேட்கிற சுரத்தை சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டேன்.

உசிலை அண்ணே, ஒரு வாரம் அந்த ஒரே சுரம்தான் வாசித்தேன். நாலாவது நாள்தான் புரிந்தது, மௌனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் எல்லாம் ஏதோ ஒரு கம்பி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் நன்றாகத் தெரிகிறது, இதற்கு முன்னால் எப்படி என் காதில் விழாமல் போனது என்று ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் குழுவில் டிரம்ஸ் இல்லை, ரிதம் பேட் (தட்டினால் டிரம் சத்தம் வருகிற மின்னணுப் பலகை) தான். அதை வாசிக்கிற தங்கச்சி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். போன ஒத்திகையில் பாடகர் அக்கா ஒருவர் "இன்னைக்குப் பாட லேசா இருந்துச்சே, ஸ்பீக்கர் மாத்தினீங்களா?" என்று கேட்டார். வடகரை அக்கா, கட்டை விரல் நீங்கள் சொன்ன மாதிரியேதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாற்றிக்கொண்டேன், வாரையும் சுருக்கினேன், ராத்திரி வலி இப்போது இல்லை. இடக்கை அண்ணன் சொன்னதையும் எடுத்துக்கொண்டோம், வேகமான இரண்டு பாட்டு இந்த வருடம் கீபோர்டுக்கு.

ஒரு கேள்வி பாக்கி. கடைசிப் பாட்டு ஈ ஃப்ளாட். நான்கு கம்பி பேஸில் கீழே இருக்கிற கடைசிச் சுரமே ஈ தானே, ஈ ஃப்ளாட் அதற்கும் ஒரு படி கீழே. ஏ கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டில் கிடைக்கிறது, ஆனால் கனம் பத்தவில்லை. அந்தப் பாட்டுக்கு மட்டும் கம்பியை இறக்கி ட்யூன் செய்துகொள்ளலாமா?

உசிலை மேடை:

வேண்டாம் தம்பி. நடு நிகழ்ச்சியில் ட்யூன் மாற்றினால் கம்பி நிலைகொள்ள நேரமாகும், அவ்வளவு தடித்த கம்பி சட்டென்று நிற்காது. ஒரு கம்பியை இறக்கிவிட்டால் அதில் உனக்குத் தெரிந்த இடமெல்லாம் ஒரு ஃப்ரெட் தள்ளிப்போகும், பதற்றத்தில் கை பழைய இடத்துக்கே போகும். கீழே பி வரைக்கும் போகிற ஐந்து கம்பி பேஸ் இதற்காகத்தான் இருக்கிறது, இப்போது அதை நினைக்காதே.

ஏ கம்பி ஆறாவது ஃப்ரெட்டையே வீடாக வைத்துக்கொள். ஏ ஃப்ளாட் வேண்டும்போது ஈ கம்பியில் நாலாவது, பி ஃப்ளாட்டுக்கு ஈ கம்பியில் ஆறாவது. கை அசையவே வேண்டாம், மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. கனம் வேண்டுமென்று தோன்றுகிற இடம் பாட்டின் முடிவாகத்தான் இருக்கும். அங்கே ஈ ஃப்ளாட்டுக்கு வருவதற்கு முன்னால் பி ஃப்ளாட்டை ஈ கம்பியில் நன்றாக நீட்டி வாசித்துவிட்டு வந்து நில், வந்து நிற்கிற சுரம் தானாகக் கனமாகக் கேட்கும். இந்த மூன்று சுரத்தில் திறந்த கம்பி ஒன்றுகூட வராது, அதனால் விரலை விட்டால் சத்தம் நின்றுவிடும், உனக்கு இப்போது அது நல்லதுதான்.

சனிக்கிழமை ஒத்திகையை மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்து இங்கே போடு. பாட்டு வேண்டாம், கீபோர்டு வேண்டாம். உன் பேஸும் அந்தத் தங்கச்சியின் ரிதம் பேடும் மட்டும். ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.